யப்பானிய மக்களின் நற்பேற்றுச் சின்னங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழமையாக நாடிச் செல்பவை அரச ஆணைகள், வரிப் பதிவேடுகள், போர்க் குறிப்புக்கள் ஆகியனவாகும். ஆண்டோர் எதனைச் செய்தனர் என்பதை இவை விரிவாகக் கூறும். ஆளப்பட்டோர் எதற்கு அஞ்சினர் என்பதை அரிதாகவே கூறும். எழுத்தறியாத உழவனும், நகரத் தெருவின் சிறு வணிகனும், நோயுற்ற குழந்தையின் தாயும் தமது அச்சத்தை ஏட்டில் எழுதி வைத்தாரல்லர். களிமண்ணிலும் காகிதத்திலும் மரப்பலகையிலும் துணியிலுமே அதனைப் பதித்துச் சென்றனர். யப்பானிய மக்களிடையே வழங்கும் நற்பேற்றுச் சின்னங்கள் இவ்வகையில் நோக்கத்தக்க சான்றுகளாகும்.

இச்சின்னங்களைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் பரவலாக நிலவுகின்றன. கீழைத்தேய ஞானத்தின் காலங்கடந்த குறியீடுகள் என வியப்போர் ஒரு சாரார். மூடநம்பிக்கையின் எச்சங்கள் எனத் தள்ளுவோர் மறு சாரார். இரு சாராரும் காலத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. இன்று உலகறிந்த யப்பானியச் சின்னங்கள் பல எடோ காலத்திலேயே, அதாவது 1603ஆம் ஆண்டுக்கும் 1868ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே, தமது இன்றைய வடிவத்தைப் பெற்றன. இருபதாம் நூற்றாண்டுப் போர்களின்போது பெருவழக்குப் பெற்றனவும் அவற்றுள் உள. ஒவ்வொரு சின்னத்தின் பின்னாலும் ஒரு குறிப்பிட்ட காலத்தின் பஞ்சமோ, கொள்ளைநோயோ, போரோ நிற்கக் காணலாம். அவ்வச்சங்களின் வழிநின்று சில சின்னங்களின் பொருளை அறிய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இச்சின்னங்களுக்கு நிலைக்களனாக அமைந்த சமய வழக்கங்களைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். யப்பானின் தொல் வழிபாடாகிய சிந்தோ நெறியும், ஆறாம் நூற்றாண்டில் கொரியா வழியாக வந்த பௌத்தமும் அந்நாட்டில் நெடுங்காலம் ஒன்றோடொன்று கலந்தே வழங்கின. மழை வேண்டியும் மழை நிற்க வேண்டியும் ஆலயங்களுக்கு உயிருள்ள குதிரைகளைக் காணிக்கையாக அளிப்பது பழைய வழக்கம். மழை வேண்டின் கருங்குதிரை. மழை நிற்க வேண்டின் வெண்குதிரை. குதிரை அளிக்க வசதியற்றோர் களிமண்ணாலும் மரத்தாலும் செய்த உருவங்களை அளித்தனர். பின்னர் குதிரை வரைந்த மரப்பலகையே போதுமானதாயிற்று. 'எமா' எனப்படும் அப்பலகைகளில் இன்று பரீட்சைச் சித்தியும் திருமணமும் மகப்பேறும் வேண்டி எழுதித் தொங்கவிடுகின்றனர். பெயரில் மட்டுமே குதிரை எஞ்சியுள்ள பலகைகளும் பல. அரசரும் செல்வரும் அளித்த காணிக்கை வறியோர் கைக்கு எட்டும் வடிவத்திற்கு இறங்கி வந்தமையை எமாவின் வரலாறு காட்டுகின்றது.

எமாவைப் போன்றே பெருவழக்குப் பெற்றது 'ஒமமொரி' எனும் காப்பு. எமது கிராமங்களிற் குழந்தைகளுக்கு அணிவிக்கும் அச்சரக்கூட்டை ஒத்த இது, பட்டுத் துணியாற் செய்த சிறு பையாகும். உள்ளே திருப்பெயரோ மந்திரமோ எழுதிய தாள் அல்லது மரத்துண்டு இருக்கும். பையைத் திறத்தல் ஆகாது. ஓராண்டு கழிந்ததும் அதனை ஆலயத்திற் சேர்ப்பித்துவிட்டுப் புதியதைப் பெறுவர். பழையது முறைப்படி தீயிலிடப்படும். காப்புக்கும் ஆயுள் உண்டு என்ற கருத்து இங்குப் புலனாகின்றது.

சின்னங்களின் பொருளைத் தீர்மானிப்பதில் யப்பானிய மொழியின் ஒலி இயல்புக்கும் பெரும் பங்குண்டு. அம்மொழியில் ஒலியால் ஒன்றியும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் சொற்கள் மிகப் பல. 'கயெரு' என்பது தவளையையும் குறிக்கும், மீளுதலையும் குறிக்கும். ஆதலின் பயணம் செல்வோர் சிறு தவளை உருவத்தைத் தம்முடன் கொண்டு செல்வர். ஐந்து யென் நாணயத்தைக் குறிக்கும் 'கோஎன்' என்ற ஒலி உறவையும் குறிக்குமாதலால், ஆலய உண்டியலில் இடுவதற்கு அந்நாணயமே விரும்பப்படுகின்றது.

தெய்வங்களின் உருவங்கூட இவ்வொலி ஒப்புமையால் மாறியதுண்டு. யப்பானியர் போற்றும் நற்பேற்றுத் தெய்வங்கள் எழுவருள் எபிசு ஒருவரே அந்நாட்டவர். மூவர் சீன மரபினர். ஏனைய மூவரும் இந்திய மரபினர். பென்சைத்தென் சரசுவதியே, பிசமோந்தென் குபேரன் என நாம் அறியும் வைசிரவணனே, தைக்கொக்குத்தென் மகாகாளனே. அச்சந்தரும் மகாகாளன் யப்பானில் நெல்மூட்டைகளின்மீது நின்று புன்னகைக்கும் செல்வத் தெய்வமாக மாறியமை வியப்புக்குரியது. 'பெருங்கருமை' எனப் பொருள்படும் அவன் பெயரின் சீன வடிவத்தைத் தைக்கொக்கு என ஒலித்தபோது, அந்நாட்டுப் பழந்தெய்வமாகிய ஒக்குனினுசியின் பெயரெழுத்துக்களும் அவ்வாறே ஒலித்தன. இருவரும் ஒருவராயினர். உழவரின் தெய்வமாயினமையின் அவனது காலடியில் நெல்மூட்டை வந்து சேர்ந்தது.

இனி, சின்னங்களைத் தோற்றுவித்த அச்சங்களுள் மிகப் பழையதாகிய நோயச்சத்தை நோக்குவோம். 735ஆம் ஆண்டில் கியூசு தீவிற் புகுந்த வைசூரி நோய் 737ஆம் ஆண்டு வரை யப்பானை வாட்டியது. குடித்தொகையில் மூன்றிலொரு பங்கு வரை அழிந்திருக்கலாமென வரலாற்றறிஞர் மதிப்பிட்டுள்ளனர். அரசாங்கத்தைத் தம் கையில் வைத்திருந்த பூஜிவாரா குடும்பத்துச் சகோதரர் நால்வரும் 737 இல் அந்நோய்க்கு இரையாயினர். நோயாலும் அதனைத் தொடர்ந்த கிளர்ச்சியாலும் நிலைகுலைந்த நாட்டைக் காக்க வேண்டி, சோமு மன்னன் 743 இல் மாபெரும் புத்தர் சிலையொன்றை வார்க்க ஆணையிட்டான். நாரா நகரின் தோதாய்ஜி விகாரையில் அமைந்த அச்சிலைக்கு 752ஆம் ஆண்டிற் கண் திறக்கப்பட்டது. தூரிகையேந்திக் கண் வரைந்தவர், தென்னிந்தியாவிலிருந்து சீனம் வழியாக 736 இல் யப்பானை அடைந்த போதிசேனர் என்னும் துறவியாவார். அவரது தூரிகையிற் பிணைத்த நீண்ட நூலைக் கூடியிருந்தோர் கையாற் பற்றி நின்றனர். அந்நூல் நாராவின் சோசோயின் கருவூலத்தில் இன்றும் பேணப்படுகின்றது. கண் எழுதப்பட்ட பின்னரே உருவம் உயிர்பெறும் என்ற கருத்து இந்துக் கோவில்களிலும் இலங்கைப் பௌத்த விகாரைகளிலும் வழங்குவதை நாம் அறிவோம்.

மன்னன் வெண்கலத்திற் செய்ததைப் பிற்காலக் குடிமக்கள் காகிதத்திற் செய்தனர். வைசூரி யப்பானை விட்டு நீங்கவில்லை. குழந்தைகளைக் கொல்லும் நோயாக அது நிலைபெற்றுவிட்டது. அந்நோய்க்குரிய தேவதை செந்நிறத்தால் அடங்கும் என எடோ கால மக்கள் நம்பினர். நோயுற்ற குழந்தைக்குச் செவ்வாடை உடுத்தினர். படுக்கையருகே செந்நிற மையால் அச்சிட்ட படங்களையும் செந்நிறப் பொம்மைகளையும் வைத்தனர். வடகிழக்கு யப்பானின் ஐசு பகுதிக்குரிய 'அக்காபெக்கோ' எனும் செம்பசு இவ்வகையினது. விகாரையொன்றைக் கட்ட மரஞ்சுமந்த எருதின் நினைவாக எழுந்தது அதுவென ஊர்க்கதை கூறும். அதன் உடலிற் காணப்படும் கரும்புள்ளிகள் அம்மைத் தழும்புகளைக் குறிப்பன என்பர். குழந்தைக்கு வரவேண்டிய நோயைப் பொம்மை தன்மேல் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் கருத்து. நாகசாக்கித் துறைமுகம் வழியாக 1849ஆம் ஆண்டில் அம்மைப்பால் குத்தும் முறை யப்பானில் வேரூன்றியது. 1980 இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் மறைந்த பின்னரும் அதன் நிறம் பொம்மைகளில் எஞ்சி நிற்கின்றது.

அச்செந்நிறத்தையே ஆடையாகக் கொண்ட மற்றொரு பொம்மை 'தாருமா'. தியான பௌத்தத்தைச் சீனாவிற்குக் கொண்டு சென்றவராகக் கருதப்படும் போதிதருமரின் உருவமே இது. அவரது பிறப்பிடம் பற்றிப் பழைய சீன மூலங்கள் ஒத்துரைக்கவில்லை. ஒரு மூலம் அவரைப் பாரசீகர் என்னும். மற்றொன்று தென்னிந்திய அரசனொருவனின் மூன்றாம் மகன் என்னும். காஞ்சிபுரத்தோடு அவரை இணைப்பது பிற்கால மரபாகும். சுவரை நோக்கி ஒன்பதாண்டுகள் அமர்ந்து தியானித்தமையாற் கைகால்களை இழந்தார் என்ற கதையே பொம்மையின் உருண்டை வடிவத்திற்குக் காரணமாயிற்று. சாய்த்தால் தானே நிமிரும் பொம்மைகள் யப்பானில் அதற்கு முன்னரும் இருந்தன. ஏழு முறை விழினும் எட்டாம் முறை எழுதல் வேண்டும் என்ற யப்பானியப் பழமொழி அவ்வடிவத்தோடு எளிதிற் பொருந்திக்கொண்டது.

துறவியின் உருவம் உழவர் வீட்டிற் புகுந்த வரலாறு பஞ்சத்தோடு தொடர்புடையது. 1783ஆம் ஆண்டில் அசாமா எரிமலை வெடித்துச் சாம்பலைக் கொட்டியது. அக்காலத்திற் பரவிய தென்மெய்ப் பஞ்சம் பெருந்தொகையினரைப் பலிகொண்டது. வயல் அழிந்த உழவருக்கு வருவாய் தேடித்தருமுகமாக, தக்கசாக்கி நகரருகேயுள்ள சோரின்சான் விகாரையின் துறவியொருவர் மரஅச்சொன்றைச் செதுக்கி, அதன்மேற் காகிதத்தை ஒட்டித் தாருமா செய்யும் முறையைக் கற்பித்தார் என்பது அவ்விகாரையின் மரபு. அப்பகுதி மக்களின் மற்றொரு தொழில் பட்டுப்புழு வளர்ப்பாகும். பட்டுப்புழு நான்கு முறை தோலுரித்து வளர்வது. ஒவ்வொரு முறையும் அது உறங்கி 'எழுவதாக' உழவர் கூறுவர். புழு எழாவிடின் அவ்வாண்டு வருவாயும் எழாது. விழுந்தெழும் பொம்மையை அவர்கள் தமதாக்கிக்கொண்டதன் காரணம் இதுவே. 1859 இல் யோக்ககாமாத் துறைமுகம் வெளிநாட்டு வாணிபத்திற்குத் திறக்கப்பட்டுப் பட்டு ஏற்றுமதி பெருகியபோது, அக்குன்மாப் பகுதியில் தாருமாவும் பெருகியது. அப்பகுதியின் தொமியொக்காவில் 1872 இல் அரசாங்கம் பட்டாலையொன்றையும் நிறுவியது.

தாருமாவைப் பெறுவோர் ஒரு குறிக்கோளை நினைத்து அதன் ஒரு கண்ணை எழுதுவர்; குறிக்கோள் நிறைவேறிய பின்னரே மறு கண்ணை எழுதுவர். வைசூரி பலரின் பார்வையைப் பறித்தமையால் வாங்குவோர் கண்ணழகை நுணுகிப் பார்த்தனர் என்றும், ஆதலின் விற்போர் கண்ணை எழுதாமலே விற்கலாயினர் என்றும் ஒரு விளக்கம் உண்டு. போதிசேனர் எழுதிய கண் அரசனின் சிலைக்கு உயிரளித்தது. தாருமாவின் இரண்டாம் கண்ணை எழுதும் உரிமையோ உழைத்து வென்றவனுக்கே உரியது. ஒற்றைக் கண்ணோடு நோக்கும் பொம்மை ஆண்டு முழுவதும் அவனது வாக்குறுதியை அவனுக்கு நினைவூட்டுகின்றது. விதியை நம்பிக் கைகட்டியிருக்கும் மனநிலையின் வெளிப்பாடு என இதனைக் கொள்ளல் பொருந்தாது.

உழவர் அச்சம் பஞ்சமெனின், நகரத்தார் அச்சம் வாணிப மந்தமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் எடோ நகரின் குடித்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்ததென மதிப்பிடப்படுகின்றது. சமூகப் படிநிலையில் வணிகர் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தனர். ஆயினும் பணம் அவர்களிடமே சேர்ந்தது. நெல்லிற் சம்பளம் பெற்ற போர்மறவர் அவர்களிடம் கடன்பட்டனர். இச்சூழலில் எழுந்தது 'மனெக்கி நெக்கோ' எனும் அழைக்கும் பூனை. எடோ நகரின் ஆண்டுக்குறிப்பு நூலொன்று, அசக்குசாப் பகுதியில் இவ்வுருவங்கள் விற்கப்பட்டமையை 1852ஆம் ஆண்டின்கீழ்ப் பதிவு செய்துள்ளது. ஓவியர் கிரோசிகேயின் அதே ஆண்டுப் படமொன்றிலும் பூனை உருவங்கள் விற்கும் கடை காணப்படுகின்றது. வறுமையாற் பூனையைக் கைவிட்ட மூதாட்டியின் கனவில் அப்பூனை தோன்றித் தன்னுருவைச் செய்யுமாறு பணித்தது என அசக்குசாக் கதை கூறும். பெருமழையில் நின்ற பிரபு ஈ நயோத்தக்காவை விகாரைக்குள் அழைத்தது என கொத்தோக்குஜி விகாரைக் கதை கூறும். முதற் கதை வறியோருடையது. இரண்டாவது பிரபுக்களின் ஆதரவு பெற்ற விகாரையுடையது. ஒரே சின்னத்திற்கு இரு வகுப்பாரும் உரிமை கோரியமை இதனாற் பெறப்படும்.

பூனையின் வலக்கை உயர்ந்திருப்பின் செல்வத்தையும், இடக்கை உயர்ந்திருப்பின் வாடிக்கையாளரையும் அழைக்கும் என்பது பொதுவான விளக்கம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அசைத்து அழைப்பது யப்பானியர் வழக்கம். எமது நாட்டவர் வழக்கமும் அதுவே. பூனை ஏந்தி நிற்பது கோபன் எனும் நீள்வட்டப் பொற்காசாகும். தைக்கொக்குவின் நெல்மூட்டையையும் பூனையின் பொற்காசையும் அருகருகே வைத்து நோக்கின், நெல்லைச் செல்வமாகக் கொண்ட சமூகம் காசைச் செல்வமாகக் கொண்ட சமூகமாக மாறிய வரலாறு தெளிவாகும். நவம்பர் மாதத்து அசக்குசாச் சந்தையில் விற்கப்படும் 'குமதே' என்பதும் இம்மாற்றத்தையே உணர்த்தும். உழவன் சருகு வாரும் வாரியானது, நகர வணிகன் காசு வாரும் சின்னமாக அங்கு அலங்கரிக்கப்பட்டு நிற்கின்றது.

இதுவரை நோக்கிய சின்னங்கள் யாவும் மக்கள் தமக்காகத் தாமே அமைத்துக்கொண்டவை. நவீன அரசு அச்சின்னங்களின் உலகினுள் நுழைந்தபோது நிலைமை மாறியது. 1873 இல் யப்பானிற் கட்டாய இராணுவ சேவை நடைமுறைக்கு வந்தது. 1904-05 ஆண்டுகளின் உருசிய-யப்பானியப் போர்க் காலத்தில் அறியப்பட்ட 'சென்னின்பரி' எனும் ஆயிரந்தையற் கச்சை, 1937 இற் சீனாவுடன் மூண்ட போரின் பின்னர் நாடெங்கும் பரவியது. போருக்குச் செல்வோனின் தாயோ மனைவியோ வெண்துணியொன்றை ஏந்தித் தெருமுனையில் நிற்பாள். வழிச்செல்லும் பெண்கள் ஒவ்வொருவரும் செந்நூலால் ஒரு முடிச்சு இடுவர். ஆயிரம் பெண்களின் ஆயிரம் முடிச்சுக்களைத் தாங்கிய கச்சை குண்டிலிருந்து காக்கும் என நம்பப்பட்டது. பெண்கள் சங்கங்கள் இப்பணியை ஒழுங்கமைத்தன; நாட்டுப்பற்றின் அடையாளமென அரசு அதனைப் போற்றியது.

எனினும் அக்கச்சையின் உட்பொருளை நுணுகி நோக்கின் அரசு விரும்பாத செய்தியொன்று அதில் அடங்கியிருத்தலைக் காணலாம். புலி ஆண்டிற் பிறந்த பெண் மட்டும் தன் வயதளவு முடிச்சுக்களை இடலாம் என்பது விதி. பலவற்றிற் புலியின் உருவமே முடிச்சுக்களால் அமைக்கப்பட்டது. புலி ஆயிரம் காதம் சென்று ஆயிரம் காதம் மீளும் என்பது யப்பானியர் வழக்குரை. துணியில் ஐந்து சென் நாணயமும் பத்துச் சென் நாணயமும் தைக்கப்பட்டன. நான்கு சென் என்பதன் ஒலி மரண எல்லை எனவும், ஒன்பது சென் என்பதன் ஒலி துன்பப்போர் எனவும் பொருள்படும். ஐந்து நான்கைக் கடந்தது, பத்து ஒன்பதைக் கடந்தது. நாட்டிற்காக மாள்வதே பெருமையென அரசு கற்பித்த காலத்தில், வழியனுப்பும் தாய் பலர் முன்னிலையில் அழவும் இயலாள். 'மீண்டு வா' எனக் கூறவும் இயலாள். வாயாற் கூற இயலாததைப் புலியும் நாணயமும் கூறின. அரசின் கொடியோடு ஊர்வலம் வந்த அத்துணி, அரசின் விருப்பத்திற்கு மாறான வேண்டுதலையே சுமந்து சென்றது. அணிந்து சென்றோரிற் பெருந்தொகையினர் மீளவில்லை.

அப்போரின் முடிவில் வீழ்ந்த அணுகுண்டே மற்றொரு சின்னத்தின் பொருளையும் மாற்றியது. நாரை ஆயிரம் ஆண்டுகள் வாழும் என்பது நம்பிக்கை. காகித நாரைகளை மடிக்கும் முறைகளை விளக்கும் நூலொன்று 1797ஆம் ஆண்டிலேயே வெளிவந்துள்ளது. ஆயிரம் நாரைகளை மடித்தால் வேண்டியது கிட்டும் என்பர். 1945 ஆகத்து 6ஆம் நாள் ஹிரோசிமாவில் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சதக்கோ சசாக்கி, 1955 இல் இரத்தப் புற்றுநோயால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். மருந்து சுற்றிய தாள்களையும் விடாது அவள் நாரை மடித்தாள். ஆயிரம் நிறைவதற்கு முன்னரே மாண்டாள் என்ற கதை பரவலாக வழங்கினும், அவள் ஆயிரத்தைக் கடந்துவிட்டாள் என்பதே குடும்பத்தாரின் கூற்று. எண் நிறைந்தது, உயிர் நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் நாள் தனது பன்னிரண்டாம் வயதில் அவள் இறந்தாள். அவளது தோழர்களின் முயற்சியால் 1958 இற் சிறுவர் அமைதி நினைவுச்சின்னம் எழுந்தது. தன்னுயிரைக் காக்க ஒரு சிறுமி மடித்த நாரை, பிறர் குழந்தைகள் அவ்வாறு மாளாதிருக்க வேண்டும் என்ற பொது வேண்டுதலின் சின்னமாயிற்று.

இவ்வழக்கம் பழங்கதையாகிவிடவில்லை. கடலில் தோன்றி, கொள்ளைநோய் பரவின் தன் உருவை வரைந்து மக்களுக்குக் காட்டுமாறு கூறிய 'அமபியே' எனும் விந்தை உயிரைப் பற்றிய செய்தித்தாளொன்று 1846 இல் அச்சிடப்பட்டது. 2020ஆம் ஆண்டிற் கொறோனா நோய் பரவியபோது யப்பானியர் பலர் அவ்வுருவை வரைந்து பரிமாறினர். சுகாதார அமைச்சும் தனது தடுப்புப் பிரசுரத்தில் அதனைப் பயன்படுத்தியது. நோய்க்கிருமியின் இயல்பை நன்கறிந்த சமூகமொன்றே இவ்வாறு செய்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, இச்சின்னங்கள் காத்தனவா என்ற வினாவிற்கு வரலாறு தரும் விடை தெளிவானது. வைசூரியை ஒழித்தது தடுப்பு மருந்து, செம்பசு அன்று. கச்சை குண்டைத் தடுக்கவில்லை. ஆயினும் தனித்து நின்று தாங்கவியலாத அச்சத்தைப் பலர் கூடித் தாங்குவதற்கு அவை வழிசமைத்தன. நாராவிற் கூடியோர் பற்றிய நூலும், ஆயிரம் பெண்கள் முடிந்த நூலும், நாரைகளைக் கோத்த நூலும் அவ்வகையில் ஒரே வேலையையே செய்தன. அந்நூல் யார் கையில் இருந்தது, எதற்காகப் பற்றப்பட்டது என்பதை ஆராய்வது வரலாற்று மாணவனின் கடன். அரச ஆவணங்களை மட்டும் நோக்குபவனுக்கு 1937ஆம் ஆண்டுத் தெருமுனையில் நின்ற தாய் போரை வாழ்த்தியவளாகவே தோன்றுவாள்; அவள் கையிலிருந்த துணியையும் நோக்குபவனே அவள் தன் மகன் மீளவேண்டும் என நின்றதை அறிவான்.